கவிழ்த்து வைக்கும் வரை

கண்ணாடி டம்ளர் முதலில், எண்ணெய்ச் சட்டி கடைசியில். நடுவில் தட்டு, கிண்ணம், கரண்டி, குழம்புப் பாத்திரம், சோற்றுப் பானை. பாத்திரம் கழுவுகிற எல்லாரும் ஏறக்குறைய இந்த வரிசைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். யாரும் எழுதி வைத்ததில்லை. வாணலியை முதலில் தேய்த்தால் நாரில் ஏறிய எண்ணெய் அடுத்து வரும் எல்லாவற்றிலும் ஏறும். காலையில் காபி டம்ளரின் விளிம்பில் முந்தின நாள் அப்பளத்தின் வாடை நிற்கும். அது ஒரு தடவை நாக்கில் பட்டால் போதும், வரிசை மனதில் பதிந்துவிடும்.

ஆனால் சென்னை வாடகை வீட்டின் சமையலறையில் இந்த வரிசை ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்கிறது. எங்கள் சமையலறை ஆறடிக்கு ஐந்தடி. அடுப்பும் மிக்ஸியும் தண்ணீர்க் குடமும் போக மேடையில் மிஞ்சுவது ஒன்றரை முழம். சிங்க்கில் குக்கரை வைத்தால் குழாய்க்கும் அதற்கும் நடுவே கை நுழையாது. கழுவியதைக் கவிழ்க்க ஒரு சிறிய கூடைதான் உண்டு. அந்தக் கூடையில் பெரியது அடியில் போக வேண்டும், அதன்மேல் தட்டு, இடுக்கில் கரண்டி, உச்சியில் டம்ளர். அதாவது அடுக்கும் வரிசை, கழுவும் வரிசைக்கு நேர் எதிர். முதலில் கழுவிய டம்ளர் கடைசி வரை இடம் கிடைக்காமல் ஜன்னல் திட்டில் நிற்கும். இதற்கு வழி, சோப்புப் போடுவதை டம்ளரில் தொடங்கி வாணலியில் முடித்துவிட்டு, அலசுவதை வாணலியில் தொடங்கி டம்ளரில் முடிப்பது. தண்ணீரும் மிச்சமாகும். சமையலறை இன்னும் இரண்டடி அகலமாக இருந்திருந்தால் இந்த யோசனைக்கே வேலை இருந்திருக்காது.

இடமுள்ள வீட்டில் இரவுப் பாத்திரத்தைக் குவித்துவிட்டுப் படுக்கலாம். இங்கே பால் காய்ச்சும் பாத்திரம் ஒன்று, டிகாஷன் பில்டர் ஒன்று. இரவு கழுவாத பாத்திரம் காலையில் வழிமறிக்கும்.

இந்த வேலையைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியதே விரல்களுக்குத் தெரிந்தவற்றால்தான். ஈரமான எவர்சில்வர் எப்போதும் சுத்தமாகவே தெரியும்; கண் ஏமாந்துபோகும். விளிம்பு மடிப்பின் உள்பக்கத்தில் விரலை ஓட்டினால்தான் உண்மை தெரியும். பிசுக்கு இருந்தால் விரல் வழுக்கும். இல்லாவிட்டால் கீச்சென்று பிடிக்கும். பால் பாத்திரத்தில் உடனே வெந்நீர் ஊற்றக்கூடாது. பாலின் புரதம் சூட்டில் இறுகி இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் ஊறவேண்டும். முட்டைக்கும் அதேதான். நெய்க்கும் எண்ணெய்க்கும் வெந்நீர்தான் சரி. அடிப்பிடித்ததைச் சுரண்டுவது வீண்வேலை. கொஞ்சம் சோடா உப்பும் தண்ணீரும் விட்டு அடுப்பில் ஒரு கொதி வந்தால் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். மண்சட்டிக்குச் சோப்பு ஆகாது. அதன் நுண்துளைகள் சோப்பைக் குடித்துவைத்திருந்து அடுத்த மீன்குழம்பில் கக்கும். பில்டரின் மேல்தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடைத்த துளைகள் மட்டும் இருட்டாகத் தெரியும். அடுப்புச் சுவாலையில் சற்று நேரம் காட்டி, ஆறியதும் தட்டினால் கருகிய தூள் உதிரும். இவை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் முதன்முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவர் பெயர் எங்கும் இல்லை.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டில் சிங்க் கிடையாது, அங்கணம்தான். பின்கட்டில் தரையோடு தரையாக, சிறு வரம்பு கட்டிய கல்தளம். சருவச்சட்டியும் கும்பாவும் போணியும் அங்கே குவியும். ஆச்சி குத்துக்காலிட்டு உட்காருவாள். கையில் தேங்காய் நார், பக்கத்தில் சிரட்டை நிறையச் சாம்பல், பித்தளைக்கு மட்டும் பழம்புளி. அந்தச் சிரட்டைக்குள் எவ்வளவு வேதியியல் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. ஈரம் பட்டால் காரமாகும். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெயோடு அந்தக் காரம் சேரும்போது எண்ணெயில் ஒரு பங்கே சோப்பாக மாறுகிறது. அழுக்கே அழுக்கை எடுக்கிறது. உமிச் சாம்பலில் சிலிக்கா அதிகம், உரசுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். புளியின் டார்டாரிக் அமிலம் பித்தளை மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடும். விறகடுப்பில் ஏற்றும் முன்பே ஆச்சி பாத்திரத்தின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிடுவாள். கரி அந்தப் பூச்சின் மேல்தான் பிடிக்கும், கழுவும்போது பூச்சோடு போய்விடும். கரியைக் கொடுத்த அடுப்பே அதை எடுக்கும் மருந்தையும் கொடுத்தது. சோற்றுப் பானை அலசிய கழுநீர் மாட்டுக்குப் போகும், சாம்பல் கலந்த தண்ணீர் வாழை மூட்டுக்கு. கேஸ் அடுப்பு வந்தபோது சாம்பல் வீட்டை விட்டுப் போயிற்று. அதன் இடத்துக்கு சபீனாத் தூள் வந்தது, பிறகு சோப்புக் கட்டி, பிறகு புட்டியில் அடைத்த திரவம்.

பித்தளைக் காலத்தைப் பொற்காலம் என்று பாட எனக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்தில் ஆச்சியின் விரலிடுக்குகள் புண்ணாகிக் கிடக்கும். உட்கார்ந்தவள் எழும்ப வேண்டுமென்றால் சுவரைப் பிடிக்க வேண்டும். எவர்சில்வர் வீட்டுக்குள் வந்ததை அவள் கொண்டாடினாள். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூசுகிறவர் எப்போது தெருவுக்கு வருவார் என்று காத்திருக்கவும் வேண்டாம். வெண்கலத்தின் அருமையைப் பேசுகிறவர்கள் அதை நாள்தோறும் துலக்கும் கையைப் பற்றியும் ஒரு வாக்கியம் சேர்த்துப் பேசவேண்டும். ஆச்சியின் எவர்சில்வர் பாத்திரங்களில் சில இன்று என்னிடம் இருக்கின்றன. கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி வாங்கியவை. அந்தப் புள்ளிகளுக்குள் சோப்பு வெள்ளையாகத் தங்கிவிடும், பழைய பல் பிரஷால்தான் எடுக்க வேண்டும். வெட்டியிருப்பது தாத்தாவின் பெயர்.

சாம்பார் சாப்பிட்ட தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் எண்ணெய் சிறுசிறு வட்டங்களாக மிதக்கும். அதன் நடுவே ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் விட்டுப் பாருங்கள். வட்டங்கள் எல்லாம் ஒரே கணத்தில் விளிம்பை நோக்கி ஓடும். நடுவில் தண்ணீர் வெறுமையாகத் தெரியும். நம் எல்லார் வீட்டிலும் தினம் நடப்பதுதான். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண் இதுபோன்ற ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். 1862இல் பிறந்தவர். அறிவியலில் பெரும் ஆசை. அன்றைய ஜெர்மனியில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நோயாளிப் பெற்றோரைக் கவனிப்பதும் வீட்டை நடத்துவதும் அவர் பொறுப்பு. எண்ணெய்ப் பிசுக்குள்ள தண்ணீரின் மேற்பரப்பு, சுத்தமான தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து வேறு விதமாக நடந்துகொள்வதை அவர் சமையலறையில் கவனித்தார். நீளமான ஒரு தகரத் தொட்டி, அதில் தண்ணீர், மேற்பரப்பை இரண்டாகப் பிரிக்கக் குறுக்கே ஒரு தகரப் பட்டை. பட்டையை நகர்த்தினால் பிசுக்குப் படலம் நெருங்கும் அல்லது விரியும். சிறிய வட்டத் தகடு ஒன்றைத் தண்ணீரின் மேல் ஒட்டவைத்து, அதைப் பிரித்தெடுக்க எவ்வளவு எடை தேவை என்று தராசில் பார்த்தார். இவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம்.

ஏறக்குறைய பத்தாண்டு வேலைக்குப் பிறகு, 1891 ஜனவரியில், இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். ராலேயும் அதே கேள்விகளில்தான் இறங்கியிருந்தார். கடிதத்தை அவர் மனைவி மொழிபெயர்க்க, ராலே அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பி வைத்தார். அந்த மார்ச்சில் அச்சேறியது. மேற்பரப்பு வேதியியலுக்காக அமெரிக்கரான இர்விங் லாங்மியூருக்கு 1932இல் நோபல் கிடைத்தது. அவர் பயன்படுத்திய தொட்டியின் மூலவடிவம் பிரவுன்ஷ்வைக் சமையலறைத் தகரத் தொட்டிதான். அதே 1932இல் ஆக்னஸுக்கு அவர் ஊர்ப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அப்போது அவருக்கு எழுபது வயது. மூன்றாண்டில் காலமானார்.

மேதைமைக்குச் சமையலறை தடையல்ல என்பதற்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பொறுக்கவில்லை. தடையாகத்தான் இருந்தது. அவருடைய தம்பி ஃபிரீட்ரிக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார். தம்பி வழியாக வந்த புத்தகங்களைத்தான் அக்காள் வீட்டில் படித்தார். ஒரே வீட்டில், ஒரே ஆசையோடு பிறந்த இரண்டு பேரில் ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கும் ஒருவர் அடுப்படிக்கும் போனார்கள். அடுப்படிக்குப் போனவர் அங்கிருந்தே ஒரு துறையைத் தொடங்கி வைத்தார் என்பது அவருடைய பெருமை. அடுப்படியின் பெருமை அல்ல. அதே சமயம், அங்கே நின்ற எத்தனையோ கோடிப் பெண்கள் அந்த எண்ணெய் வட்டங்கள் ஓடுவதைப் பார்த்திருப்பார்கள், என்ன காரணமென்று ஒரு கணம் யோசித்தும் இருப்பார்கள் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அடுத்த தட்டு காத்திருந்திருக்கும்.

பாத்திரம் கழுவுவதைத் தியானமாகச் செய்யலாம் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அதன் ஊற்றுகளில் ஒருவர் வியட்நாமின் பௌத்தத் துறவி திக் நாட் ஹான். பாத்திரம் கழுவும்போது பாத்திரத்தை மட்டும் கழுவு என்று அவர் எழுதியதைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே பக்கங்களில் அவர் எழுதியிருக்கும் இன்னொன்றை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஹுவே நகரத்து மடத்தில் இளம் துறவியாக இருந்த காலத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட துறவிகள் கூடும் மழைக்கால ஒடுக்கத்தின்போது, சமைப்பதும் கழுவுவதும் இரண்டே பேர் பொறுப்பு. சோப்பு கிடையாது. சாம்பலும் உமியும் தேங்காய் நாரும்தான். என் ஆச்சியின் சிரட்டை அங்கேயும் இருந்திருக்கிறது! அது இனிமையான வேலையாக இருக்கவில்லை என்றுதான் அவர் எழுதுகிறார். குழாய்த் தண்ணீரும் சோப்பும் உள்ள சமையலறையில் ஒன்றிச் செய்வது சுலபம் என்பதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்கு முக்கியம். எனக்கும் அந்த அமைதி கிடைக்கிறது; இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் கை வைத்ததும் அன்றைய அலுவலகப் பேச்சு ஒவ்வொன்றாக விலகுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் மூன்று பேர் சாப்பிட்ட பாத்திரம் அது. விருந்தாளிகள் வந்து போன வீட்டில் மூன்றாம் சுற்றுக் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டு நிற்பவரிடம் போய் தியானம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். கணக்கெடுத்த நாளில் அப்படி ஏதாவதொரு வேலை செய்த பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். எண்கள் சொல்லாததை எழுத்தாளர் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ சிறுகதை சொல்லியிருக்கிறது. அந்தப் பெரிய வீட்டின் சமையலறைத் தொட்டி ஒரு பெரிய தட்டைக்கூட வைக்க முடியாத அளவுக்குச் சிறியது, கீழே தண்ணீர் தேங்கி, அங்கே நிற்பவர்களின் குதிகால் வெடித்துவிடுகிறது. வீடு பெரியது, பாத்திரம் கழுவும் இடம் மட்டும் சிறியது. கதையைப் படித்த பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் அந்த இடத்தைத் தேடுகிறது. ஜியோ பேபியின் மலையாளப் படம் ‘த கிரேட் இந்தியன் கிச்சன்’ 2021இல் வந்தபோதும் அதில் ஒழுகும் சிங்க் குழாயைப் பற்றிப் பெண்கள் பேசினார்கள். பிளம்பரைக் கூப்பிட வேண்டும் என்று எத்தனை முறை சொல்வது?

இனி சொல்ல வேண்டியது எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமானது. நகரத்து வீடுகளில் பத்துப்பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருகிறார். அந்த வீட்டின் அத்தனை பாத்திரமும் அவர் கையால் சுத்தமாகிறது. குழந்தையின் பால் டம்ளர், பெரியவருக்கான கஞ்சிக் கிண்ணம், சாமிக்குப் படைக்கும் தட்டு வரை. வேலை முடிந்ததும் அவருக்கு ஒரு காபி. அது வருவது ஜன்னலோரத்திலோ சிங்க்குக்குக் கீழேயோ தனியாகக் கவிழ்த்திருக்கும் ஒரு டம்ளரில். அவர் குடித்துவிட்டு, அதையும் தானே கழுவி, மற்றவற்றோடு சேராமல் அதே இடத்தில் கவிழ்ப்பார். சுத்தம் செய்கிற கை சுத்தமில்லை என்று சொல்லும் அந்த ஒற்றை டம்ளரை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள் வீடு, நல்ல மனிதர்கள் வீடு. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்த இடங்களில் தலித்துகள் டீ குடித்த குவளையைத் தாங்களே கழுவி வைக்க வேண்டும் என்பதுதான் விதி. அவர்கள் எதில் குடிக்கிறார்கள் என்பதோடு அது நிற்கவில்லை, அந்தக் குவளையில் யார் கை படக்கூடாது என்பதுவரை போயிற்று. பிற்பாடு காகிதக் கப் வந்து, கழுவுகிற கேள்வியே எழாமல் பல கடைகளைக் காப்பாற்றிவிட்டது. எச்சில் என்பது உமிழ்நீர் மட்டும்தான் என்றால், ஒரு சொட்டுச் சோப்பு அதை எடுத்துவிடும். அந்தத் தனி டம்ளரில் இருப்பது சோப்பு எடுக்கிற அழுக்கு இல்லை. கழுவிய டம்ளரை மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கவிழ்க்காத வீட்டில் எந்தப் பாத்திரமும் சுத்தமாகவில்லை என்றே நினைக்கிறேன்.

தண்ணீர் பற்றிச் சென்னைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலேறி வந்தது. அந்த மாதங்களில் கற்றது இன்னும் கையில் இருக்கிறது. ஓடும் குழாயில் அலசுவதில்லை. ஒரு குண்டானில் முதல் அலசல், இன்னொன்றில் இரண்டாம் அலசல். இரண்டாவதின் தண்ணீர் அடுத்த வேளைக்கு முதலாவதாகும். அதே வருஷக் கடைசியில் மெரினாவில் வெள்ளை நுரை மலை மலையாக ஒதுங்கியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரில் கலந்த சோப்புப் பொருள்கள் மழை வெள்ளத்தோடு கடலுக்குப் போய், அலையில் நுரைத்து, கரைக்குத் திரும்பியிருந்தன. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணையும் இப்படித்தான் நுரை தள்ளுகிறது. அங்கே ஆலைக் கழிவும் சேர்ந்திருக்கிறது என்றாலும், நம் சிங்க்கின் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. நுரை அதிகமானால் சுத்தம் அதிகம் என்பது விளம்பரம் பழக்கியது. வேலையைச் செய்வது சோப்பு மூலக்கூறுதான். ஒரு முனையால் எண்ணெயையும் மறு முனையால் தண்ணீரையும் பிடித்து இழுக்கிறது. அதற்கு மலையளவு நுரை தேவையில்லை. நாரில் மூன்று சொட்டுப் போதும்.

சின்னச் சமையலறையின் ஒரு குணத்தை இங்கே சொல்ல வேண்டும். சிங்க்குக்கு முன்னால் ஒருவர்தான் நிற்க முடியும். இன்னொருவர் உள்ளே வந்தால் முழங்கை இடிக்கும். ஆகவே “நான் கொஞ்சம் உதவட்டுமா?” என்ற கேள்விக்கு அங்கே இடமே கிடையாது. வீட்டு ஆண் அந்த வேலைக்கு வருவதென்றால் மற்றவர் வெளியே போய்விட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அறை எங்களுக்கு வேறு வழி விடவில்லை. அதன் சின்னத்தனத்தில் எனக்குப் பிடித்த விஷயம் அது ஒன்றுதான்.

ஆனால் முழுதாக எடுத்துக்கொள்கிறவர் எதுவரை என்று தெரிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டும் டம்ளரும் கழுவிவிட்டுக் கையைத் துடைத்தபடி வெளியே வருகிறவர்கள் அதிகம். குக்கரின் ரப்பர் வளையத்தைக் கழற்றி அதன் பள்ளத்தில் ஒட்டிய பருப்பை எடுக்க வேண்டும். மிக்ஸி ஜாரைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கம் சேர்ந்த சட்னியைத் துடைக்க வேண்டும். டிபன் பாக்ஸ் மூடியின் வரிப்பள்ளத்தில் தயிர் புளித்துக் கிடக்கும். கடைசியில் சிங்க்கின் சல்லடை இருக்கிறது. பருக்கை, கறிவேப்பிலை, கடுகு, முருங்கைச் சக்கை, எல்லாம் ஊறிக் கொழகொழவென்று சேர்ந்திருக்கும். எந்தக் கரண்டிக்கும் அது வராது. கையால் அள்ளிக் குப்பையில் போட்டு, சிங்க்கைத் தேய்த்து, மேடையைத் துடைத்து, துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்ட பிறகு அவர் வெளியே வரலாம். அடுத்த வேளைக்கும் அவரே உள்ளே போகட்டும், யாரும் கூப்பிடாமல்.